விடிந்ததும் விறைக்கும் விரல்கள்

“வாயு!” என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

“பனி!” என்கிறார் தெருமுனை டீக்கடைக்காரர்.

“வயசாயிடுச்சு, வேறென்ன?” என்று சலித்துக்கொள்கிறார் வீட்டுக்காரர்.

காலையில் கண் விழித்ததும் விரல் மடங்கவில்லை, கால் ஊன்ற முடியவில்லை, இடுப்பு நிமிரவில்லை என்று ஒரு தாய் சொல்லட்டும். இந்த மூன்று தீர்ப்புகளில் ஒன்று அரை நொடியில் கிடைத்துவிடும். விசாரணை இல்லாத தீர்ப்பு! சாட்சி கேட்காத தீர்ப்பு! மேல்முறையீடும் கிடையாது. தீர்ப்புக்கு ஆளானவர் அதற்குள் அடுப்படிக்குப் போய்விடுகிறார். பால் காய்ச்ச வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், ஏழு மணிக்கு வேலைக்கு ஓட வேண்டும். விரல் விறைத்தால் என்ன, விதி விறைத்தால் என்ன, வேலை காத்திருக்குமா?

“நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க, மூட்டுப் பிடிப்புக்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்கும் நண்பரும் இருக்கக்கூடும். இருக்கட்டும். அவருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: புதுவையின் காலைப்பொழுதைக் கண்ணைத் திறந்து பாரீர்! வைத்திக்குப்பத்திலிருந்து மீன்கூடை தூக்கி வரும் அம்மாவைப் பாரீர். பெரிய மார்க்கெட்டில் குனிந்த தலை நிமிராமல் பூத்தொடுக்கும் கையைப் பாரீர். முதலியார்பேட்டையிலிருந்து கட்டட வேலைக்குப் புறப்படும் சித்தாளைப் பாரீர். தையல் இயந்திரத்தின் முன்னே குந்தியிருக்கும் இளம் பெண்ணைப் பாரீர். இவர்களுக்கு வங்கியில் வைப்புநிதி உண்டா? வயல் உண்டா, வரப்பு உண்டா? இருக்கும் சொத்தெல்லாம் பத்து விரல். அந்தப் பத்து விரலும் பொழுது விடியும் நேரத்தில் வேலைநிறுத்தம் செய்கின்றன என்றால், அது வீட்டுக்குள் பேசி முடிக்கும் விஷயமா? குடும்பத்தின் வருமானம் நின்றுபோகும் விஷயமல்லவா!

ஆகவே எழுதுகிறோம்.

அரைமணியா, ஒருமணியா?

நேரத்தின் அருமை தெரிந்த ஊர் இது. ஆலைச் சங்கு ஊதினால் விழித்து, சங்கு ஊதினால் உண்டு, சங்கு ஊதினால் வீடு திரும்பிய ஊர். நாளெல்லாம் உழைத்தது போதும், வேலைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்டதற்காக, 1936-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக் குண்டுக்கு 12 ஆலைத் தொழிலாளரைப் பலிகொடுத்த ஊர். அடுத்த ஆண்டே, 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. கடிகாரத்தைக் காட்டி உரிமை கேட்ட மக்கள் புதுவை மக்கள்!

அந்தக் கடிகாரத்தைத்தான் இன்று இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தச் சொல்கிறோம்.

காலைப் பிடிப்பு எவருக்கும் வரலாம். முந்தின நாள் மூட்டை தூக்கியவருக்கு வரும். ஒரே பக்கமாகப் படுத்தவருக்கு வரும். ஐம்பதைத் தாண்டியவருக்கு வரும். வந்தது எது என்று தெரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. “எங்கே வலிக்கிறது?” என்பதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. படுக்கையை விட்டு எழுந்தபின், அந்த விறைப்பு விலக எவ்வளவு நேரம் ஆகிறது?

ஐந்து நிமிடம், பத்து நிமிடம், மிஞ்சினால் அரைமணி நேரம். நாலடி நடந்ததும் சரியாகிவிடுகிறது என்றால், பெரும்பாலும் அது தேய்மானம். மூட்டெலும்பின் முனையில் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் நைந்து வருவதன் விளைவு. இதில் வலி காலையைவிட மாலையில் மிகும். நடந்தால், படி ஏறினால், நின்றால் வலி, உட்கார்ந்தால் ஆறுதல்.

அரைமணியைத் தாண்டி, ஒருமணி, இரண்டுமணி என்று நீள்கிறதா? குளித்து முடித்து, சமைத்து முடித்து, பஸ் ஏறி வேலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் விரல் தளர்கிறதா? சும்மா இருந்தால் மிகுந்து, வேலை செய்யச் செய்யக் குறைகிறதா? அப்படியானால் அது தேய்மானம் அல்ல. உள்ளே அழற்சி இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தேய்மானம் என்பது பழகிப்போன சக்கரம் தேய்வது. அழற்சி என்பது வண்டிக்குள்ளேயே தீப்பற்றுவது. தேய்ந்த சக்கரத்தோடு பல காலம் ஓட்டலாம். தீப்பற்றிய வண்டியை ஓட்டலாமா?

நேரம் ஒன்றை மட்டும் வைத்து நோயை முடிவுகட்டிவிட முடியாது. அதற்கு மருத்துவரின் கையும், ரத்தப் பரிசோதனையும், சில வேளை எக்ஸ்ரேயும் வேண்டும். ஆனால் மருத்துவரிடம் ஓட வேண்டுமா, வெந்நீர் ஒத்தடத்தோடு நிற்கலாமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள, காசு செலவில்லாத கருவி அந்தக் கடிகாரம். மறதிக்கு இடமின்றி ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்து வைத்தால் போதும்: எழுந்த நேரம் இது, விரல் தளர்ந்த நேரம் இது. அந்தத் தாள் டாக்டருக்குப் பத்துக் கேள்வியை மிச்சமாக்கும்.

காலையில் ஏன்?

“பகலெல்லாம் உழைத்தபோது வராத பிடிப்பு, ராத்திரி தூங்கி எழுந்தபின் ஏன் வருகிறது?” என்று கேட்பது நியாயமான கேள்வி. பனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் ஏற்றினார்கள். பனி இல்லாத சித்திரையிலும் விரல் விறைக்கிறதே!

மூட்டு என்பது இரண்டு எலும்பு முட்டிக்கொள்ளும் இடம் மட்டுமல்ல. அதைச் சுற்றி ஒரு பை; அந்தப் பையின் உள்பக்கம் மெல்லிய சவ்வு; அந்தச் சவ்வு சுரக்கும் வழவழப்பான நீர். முட்டையின் வெள்ளைக்கரு போன்ற அந்த நீர்தான் மூட்டுக்கு எண்ணெய். பகலில் நாம் நடக்கும்போதும் மடக்கும்போதும் தசைகள் அழுத்தி அழுத்தி, மூட்டில் தேங்கும் நீரை வெளியேற்றுகின்றன. இரவில் தசைக்கு ஓய்வு, நீர் தேங்குகிறது. நல்ல மூட்டில் இது பொருட்டே இல்லை. சவ்வு வீங்கிக்கிடக்கும் மூட்டிலோ, பை புடைக்கிறது, விரல் விறைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அழற்சியை அடக்கி வைக்க நம் உடலே ஒரு மருந்தைச் சுரக்கிறது. கார்ட்டிசோல் என்று அதற்குப் பெயர். நள்ளிரவை ஒட்டி அதன் அளவு மிகக் குறைவு. விடியும் நேரத்தில்தான் ஏறுகிறது. காவல் தளர்ந்த அந்த இடைவேளையில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. காவற்காரன் கண்ணயர்ந்த நேரத்தில் கன்னம் வைப்பது போல! ஆகவே குற்றவாளி பனியும் அல்ல, வாயுவும் அல்ல. வயிற்றில் உண்டாகும் வாயு விரலின் முட்டிக்கு வந்து உட்கார வழியே கிடையாது.

ஏழையைத் தேடி வந்த மருத்துவர்

நேரம் நீளும் காலைப் பிடிப்பில் முதலில் நினைக்க வேண்டியது முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்கும் நோய். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ வருவது. ஆண் ஒருவருக்கு வந்தால், பெண் இருவர் மூவருக்கு வருகிறது. முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதாவது குடும்பத்தைத் தோளில் சுமக்கும் வயதில், வருவது மிகுதி. “வயசாயிடுச்சு” என்ற தீர்ப்பு எங்கே போயிற்று, பார்த்தீர்களா?

அடையாளம் என்ன? கைவிரல்களின் நடு முட்டியும், அடி முட்டியும், மணிக்கட்டும் வீங்கும். விரல் நுனியை அடுத்த முட்டியைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். வலக்கையில் வந்தால் இடக்கையிலும் வரும். கை குலுக்கினால், முட்டிகளைச் சேர்த்து அழுத்தினால், உயிர் போகும் வலி. அசதி, பசியின்மை, இலேசான காய்ச்சலும் உடன் வரலாம். மோதிரம் கழறாது, வளையல் ஏறாது. தோசைக்கல்லைத் தூக்க முடியாது, துணி பிழிய முடியாது.

இந்த நோயைத் தனி நோயாகப் பிரித்து முதன்முதலில் எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். புதுவைக்குத் துரைகளை அனுப்பிய அதே பாரிசில், 1800-ஆம் ஆண்டில், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய லாந்த்ரே-பொவே என்ற 28 வயது இளைஞர் அவர். அந்நாளில் புகழ்பெற்ற வைத்தியரெல்லாம் விருந்துண்டு கொழுத்த சீமான்களின் கால்பெருவிரலில் வரும் கவுட் வலியைப் பற்றியே ஏடு ஏடாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இவரோ மருத்துவமனையில் கிடந்த ஏழைப் பெண்களின் கையைப் பார்த்தார். ‘இது சீமான் நோயன்று, வேறு நோய்’ என்றார். இத்தனை நாள் இதை ஏன் எவரும் காணவில்லை? பணம் படைத்தவருக்கே வைத்தியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏழையின் நோய் தெரியவில்லை என்பதே அவர் கண்ட விடை.

இருநூறு ஆண்டுக்கு மேலாயிற்று. கண் தெரிந்துவிட்டதா? குழாயடியில் காதைத் தீட்டிக் கேளுங்கள்.

“என்னக்கா, குடத்தைத் தூக்க முடியலையா?”

“கை வரமாட்டேங்குதுடி. ஒன்பது மணிக்கு மேலதான் விரலே என் பேச்சைக் கேக்குது.”

“எத்தனை நாளா?”

“தீபாவளியிலேருந்து.”

“டாக்டரைப் பாக்கலையா?”

“வாயுவுக்கு மாத்திரை வாங்கித் தந்தாரு உங்க மாமா. வலிக்கு ஒண்ணு, வாயுவுக்கு ஒண்ணு.”

தீபாவளியிலிருந்து! ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழி, தை, மாசி போய்விட்டது. இந்த ஐந்து மாதத்தின் விலை என்ன தெரியுமா? முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு என்பது இருபது ஆண்டு கழித்து வருவதல்ல. அரிப்பு வரக்கூடியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அறிகுறி தோன்றிய ஆறு வாரத்துக்குள் மூட்டு நோய் மருத்துவர் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் உரிய மருந்து தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய மூட்டு மருத்துவச் சங்கத்தின் நெறி. முதல் மாதங்களில் தண்ணீர் ஊற்றினால் அணையும் தீ, பிறகு வீட்டையே கேட்கும். கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது, கோணாமல்தான் காக்கும். ஐந்து மாதம் வாயு மாத்திரை தின்றவரின் வீட்டில் கழிந்தது வெறும் நாளல்ல, கை.

கொசு தந்த குனிவு

இந்த ஊருக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் சிக்குன்குனியா.

1952, 53-ஆம் ஆண்டுகளில் கிழக்காப்பிரிக்காவின் தாங்கனிக்காவில், மகொண்டே மக்கள் வாழும் மேட்டுநிலத்தில் பரவிய காய்ச்சல் அது. மூட்டுவலியால் வளைந்து குனிந்து போவதைக் குறிக்கும் அம்மக்களின் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. கோழிக்கறிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயரைக் கேட்டுக் கோழியைப் பழித்தவர்கள் கோழியிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்! 1963-இல் கல்கத்தாவில் தலைகாட்டிய அந்நோய், 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் நம் புதுச்சேரியிலும் பரவியது. பிறகு பல்லாண்டு பதுங்கியது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பாய்ந்தது. 2006-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது.

அதே ஆண்டுகளில், இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் மூன்றில் ஒருவரைப் படுக்கையில் தள்ளியது அந்நோய். யார் அந்தத் தீவினர்? கடந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் புதுவைக் கரையிலிருந்தும் காரைக்கால் கரையிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மவரின் வழிவந்தோரும் அவர்களில் உண்டு. கடல் பிரித்த உறவைக் கொசு ஒன்று சேர்த்தது, என்ன கொடுமை! 2025-இலும் அத்தீவு மீண்டும் அந்நோயால் அல்லற்பட்டது. போய்விட்டது என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியாத நோய் இது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் விடும். மூட்டு விடாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், விடியற்காலைப் பிடிப்பாக அது தங்கிவிடுகிறது. வயதானவருக்கும், முன்பே மூட்டு நோய் உள்ளவருக்கும் இந்தத் தொல்லை மிகுதி. சில வேளை முடக்குவாதத்தின் வேடத்தையே அப்படியே போட்டுக்கொண்டு வரும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, “சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது” என்ற செய்தியை மறக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதல்ல. நம் வீட்டுத் தொட்டியிலும், பூந்தொட்டித் தட்டிலும், மாடியில் கிடக்கும் பழைய டயரிலும், நல்ல தண்ணீரில் பிறப்பது. பகலில் கடிப்பது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்ப்பது கூட மூட்டு வைத்தியந்தான்.

வேறு காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இருபது, முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு இடுப்பின் அடிப்பகுதி மூன்று மாதத்துக்கு மேலாகக் காலையில் விறைக்கிறதா? பின்னிரவில் வலியே எழுப்பிவிடுகிறதா? படுத்தால் கூடி, உலாவினால் குறைகிறதா? அது மூட்டை தூக்கியதால் வந்த சுளுக்கல்ல. முதுகெலும்பைப் பிணைத்து இறுக்கும் ஒருவகை வாதமாக இருக்கலாம். தோளை உயர்த்த முடியாமல் இறுகிப்போனால் சர்க்கரை நோயைத் தேட வேண்டும். உடல் முழுதும் விறைத்து, எடை கூடி, குளிர் தாங்காமல் போனால் தைராய்டைப் பார்க்க வேண்டும். தோலில் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் உள்ளவருக்கும் மூட்டு வீங்கலாம். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால், அது நாளை வரை காத்திருக்கும் நோயல்ல, அன்றே ஆஸ்பத்திரிக்கு!

மருந்துண்டு, மந்திரமில்லை

“முடக்கு அறுத்தான் இருக்கப் பயமேன்?” என்பார் சிலர். முடக்கத்தான் கீரை தோசை ருசியானது, தாராளமாகச் சாப்பிடலாம். நம் மக்கள் இந்த நோயை எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. ஆனால் கீரையை நம்பி ஆறு மாதம் காத்திருப்பது, அரிவாளைத் தீட்டிக்கொண்டே அறுவடையை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

அதைவிட ஆபத்தானது, சந்தையிலும் பஸ் நிலையத்தருகிலும் விற்கும் பெயரில்லாப் பொட்டலம். “ஒரே வேளையில் குணம்!” என்பார்கள். குணமும் தெரியும்! எப்படி? இத்தகைய பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை வெளிப்பட்ட உண்மை. ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. 1948-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், நடக்க முடியாதிருந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அப்பெண் எழுந்து நடந்தார். 1950-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவும் கெடுவும் தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், எலும்பு உளுக்கும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி தேவைதான். அதையே வீடாக்கிக் குடியிருக்க முடியுமா?

முடக்குவாதத்துக்கு இன்று முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாற்றில் நமக்குப் பெருமையும் உண்டு, பாடமும் உண்டு. பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதராடை உடுத்தி வகுப்புக்கு வந்த குற்றத்துக்காக, முழுப்பட்டம் மறுக்கப்பட்டுக் குறைந்த பட்டத்தோடு வெளியே அனுப்பப்பட்டவர். 1923-இல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உழைத்த குழுவிலிருந்து பிறந்த மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கென்று பிறந்தது, பிற்காலத்தில், மிகச் சிறிய அளவில், முடக்குவாதத்தை அடக்கும் ஆயுதமாயிற்று. 1988-இல் அமெரிக்க அரசு அதை இந்நோய்க்கு ஏற்றுக்கொண்டது. அவர் 1948-இலேயே மறைந்தார். தம் மருந்தால் கை பிழைத்த இலட்சோப இலட்சம் பேரை அவர் காணவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, உயிர்காக்கும் எச்சரிக்கை: இம்மருந்து வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே. நாள்தோறும் தின்றால் உயிரைப் பறிக்கும். எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்க வேண்டும். மருத்துவர் சொல்லும் ஃபோலிக் அமில மாத்திரையும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. கருவுற்றவரும், கருவுற எண்ணுபவரும் இதைத் தொடக்கூடாது. மதுவோடு சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். தெருவுக்குத் தெரு மதுக்கடை திறந்திருக்கும் நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீடி, சிகரெட் புகைப்பது இந்நோய் வரும் வாய்ப்பையே கூட்டுகிறது. மருந்து வேலை செய்யச் சில வாரமாகும். “பத்து நாள் தின்றேன், பலனில்லை” என்று தூக்கியெறிவது, விதைத்த மறுநாள் வயலைத் தோண்டிப் பார்க்கும் அவசரம்.

தேய்மானக்காரருக்கு இந்த மருந்து வேண்டாம். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடை குறைப்பு, சம்மணமும் குந்துதலும் குறைத்தல், வெந்நீர் ஒத்தடம், தேவைப்பட்டால் வலி மாத்திரை. அதையும் கடைக்காரரைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் தின்றால் குடலும் சிறுநீரகமும் கணக்குக் கேட்கும்.

கேட்க வேண்டியது இதுதான்

வசதி இல்லாத ஊரா புதுவை? 1823-இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியை வேராகக் கொண்டு, 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆயிற்று கோரிமேட்டு நிறுவனம். எதிர்ப்புச் சக்தி தடம்புரளும் நோய்களுக்கென்று அங்கே தனித்துறையே இருக்கிறது. கொசுவை ஆராய 1975-இல் தொடங்கிய மத்திய ஆய்வு மையமும் இங்கேதான் இருக்கிறது. ஊருக்குள் அரசுப் பொது மருத்துவமனை, பேட்டைதோறும் ஆரம்ப சுகாதார நிலையம். ஆஸ்பத்திரி இருக்கிறது, அறிவு இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. பிறகு ஏன் கோணிய விரலோடு வருகிறார்கள் நம் தாய்மார்?

இரண்டு தடை. ஒன்று, வீட்டுக்குள்ளே இருக்கும் ‘வாயு’ தீர்ப்பு. மற்றொன்று, வெளியே இருக்கும் வரிசை. புறநோயாளிச் சீட்டுக்கு விடியற்காலையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தானே கால் ஊன்றாது, கை மடங்காது! போனால் ஒருநாள் கூலி போகும். ரத்தம் கொடுக்க ஒருநாள், முடிவு வாங்க ஒருநாள், மருந்து வாங்க ஒருநாள். மூன்று நாள் கூலியை இழந்து, வராத நாளுக்கு வேலையையும் இழந்து, எந்தச் சித்தாள் வைத்தியம் பார்ப்பார்?

ஆகவே ஆட்சியாளரைக் கேட்கிறோம்; எந்தக் கொடி பறந்தாலும் கேட்போம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூட்டுவலி என்று வரும் ஒவ்வொருவரிடமும், “காலைப் பிடிப்பு எவ்வளவு நேரம்?” என்ற கேள்வி கேட்கப்பட்டுச் சீட்டில் எழுதப்பட வேண்டும். அரைமணிக்கு மேல் என்றால், முட்டி வீக்கமும் இருந்தால், வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பாமல், பெரிய மருத்துவமனைக்கு நாள் குறித்து அனுப்ப வேண்டும். வாரம் ஒரு மாலையாவது மூட்டு நோய்க்கென்று வெளிநோயாளர் பிரிவு இருக்க வேண்டும். வேலை முடிந்து வருபவருக்கு வசதி, விறைப்பு விலகிய நேரம் என்பதால் நோயாளிக்கும் வசதி. வாரம் ஒருமுறை மாத்திரை பேட்டை நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். இதற்கு மாளிகை கட்ட வேண்டாம்; பெரும் நிதி ஒதுக்க வேண்டாம். கேட்கும் காதும், எழுதும் பேனாவும் போதும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வு கேட்கும் கோரிக்கைப் பட்டியலில், மருத்துவமனை செல்லும் நாளுக்கு விடுப்பையும் எழுதுங்கள். கூலி வாங்கும் கை பிழைத்தால்தானே கூலி உயர்வுக்குப் பொருள்!

இளைஞரே, உங்களுக்கும் வேலை உண்டு. அம்மா காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார்களா? சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறார்களா? குழாய்த் திருகைத் திறக்க உங்களைக் கூப்பிடுகிறார்களா? சொல்ல மாட்டார்கள், சொல்லிப் பழக்கமில்லை அவர்களுக்கு. நீங்கள்தான் கேட்க வேண்டும். “வலிக்குதாம்மா?” என்று கேட்டால், “இல்லப்பா” என்ற பதில்தான் வரும். “எழுந்து எவ்வளவு நேரம் கழிச்சும்மா கை சரியாகுது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்களால் பொய் சொல்ல முடியாது.

அரைமணிக்கு மேல் என்று பதில் வந்தால், நல்ல நாள் பார்க்க வேண்டாம். மறுநாளே அழைத்துச் செல்லுங்கள்.